6.5×55 ஆ, 6.5 கிரீட்மோரா? எல்க் வேட்டைக்கு முதல் துவக்கு

கேள்வி, 4 ஆகஸ்ட் 2024

நோர்வேயில் வேட்டைப் பரீட்சை வசந்தத்தில் சித்தியடைந்துவிட்டேன். துவக்குக்கு (துப்பாக்கிக்கு) பொலிஸ் அனுமதி கேட்கப் போகிறேன். வேலையிடத்தில் ஒரு மூத்த நோர்வேஜியர் தன்னுடைய பழைய 6.5×55 ரவை (தோட்டா) சுடும் மவுசர் துவக்கை மலிவாகத் தருகிறேன் என்கிறார். கடையில் கேட்டால், "55 தாத்தா காலத்துச் சாமான், புது ரவையான 6.5 கிரீட்மோர் எடு" என்கிறார்கள். இரண்டிலும் குழலை விட்டுப் பறந்து போவது ஒரே சன்னம்தான் என்றும் வாசித்தேன். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? எல்க்குக்கும் சிவப்பு மானுக்கும் சேர்த்து ஒரே துவக்குத்தான் வாங்கக் காசு இருக்கிறது. தெரிந்த அண்ணாமார் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட் 2024, இரவு

தம்பி, 55 ஐ எடுங்கள். நான் 1998 முதல் அதைத்தான் தூக்கிக்கொண்டு மெரோக்கர் காட்டில் திரிகிறேன். ஒரு வருடமும் அது என்னைக் கைவிட்டதில்லை. எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் ரவை கிடைக்கும். விரிவாக நாளைக்கு எழுதுகிறேன்.

5 ஆகஸ்ட் 2024

நேற்று அவசரத்தில் எழுதினேன். அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டின் சன்னமும் 6.72 மில்லிமீற்றர் குறுக்களவு. எடை ஒன்றாக இருந்தால் இதில் இருப்பதைக் கழற்றி அதில் பொருத்தலாம், அவ்வளவு ஒன்று. வித்தியாசம் கோதில், அதாவது பித்தளைக் கூட்டில்தான். 55 என்ற எண் கோதின் நீளம், மில்லிமீற்றரில். கிரீட்மோரின் கோது 48.8. அது நீளம் குறைவு என்பதால் சிறிய போல்ட், சிறிய உடல் உள்ள துவக்கில் அடங்கும். முழு ரவையாகப் பார்த்தால் 55 கிட்டத்தட்ட 80 மில்லிமீற்றர், மற்றது 72க்குள்.

55 பிறந்தது இங்கேதான். நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசனின் கீழ் இருந்தபோது இரு நாடும் கூட்டாக ஒரு குழு அமைத்து இந்த ரவையை வடிவமைத்து, 1894 இல் ஏற்றுக்கொண்டன. நோர்வே அதைக் கொங்ஸ்பெர்க்கில் செய்த க்ராக்-யோர்கன்சனில் போட்டது. சுவீடன் மவுசரில் போட்டது. 1905 இல் நாடுகள் பிரிந்தன, ரவை பிரியவில்லை. கிரீட்மோர் 2007 இல் அமெரிக்காவின் ஹோர்னடி கம்பனி கொண்டுவந்தது, கடதாசி இலக்கில் தூரத்துக்குச் சுடுபவர்களுக்காக. நியூயோர்க் லோங் ஐலண்டில் 1870களில் இருந்த சுடுதளத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

ஆக ஒன்று 130 வயது, மற்றது 17 வயது. இருந்தும் 100 மீற்றரில் நிற்கும் மிருகத்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. எல்க்குக்கு 9 கிராம் சன்னம் சட்டப்படி போதும், இரண்டிலும் அது உண்டு. இன்னும் எதற்கு யோசிக்கிறீர்கள்? மலிவானதை எடுங்கள்.

6 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதில் கடைசி வரிகள் பிழை. திருத்துகிறேன், தயவுசெய்து இதை வாசியுங்கள்.

9 கிராம் போதும் என்றேன். போதாது. விதியை மறுபடி எடுத்து வரிவரியாக வாசித்தேன். எல்க், சிவப்பு மான், காட்டு ரெயின்மான் ஆகியவற்றுக்கு விரியும் சன்னம் வேண்டும், குறைந்தது 9 கிராம். அதற்குப் பிறகுதான் முக்கியமான கோடு வருகிறது. 9க்கும் 10க்கும் இடைப்பட்ட சன்னம் என்றால் 100 மீற்றரில் 2,700 ஜூல் சக்தி இருக்க வேண்டும். 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2,200 ஜூல் காணும்.

இந்தக் கோட்டை நான் இருபத்தைந்து வருடமாக மறந்தே போனேன். காரணம், நான் எப்போதும் 10.1 கிராம் ரவைதான் வாங்குவேன். எனக்குத் துவக்குப் பழக்கிய மீன் தொழிற்சாலை மேற்பார்வையாளர் அந்தப் பெட்டியைத்தான் கையில் தந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதுதான் ஏன் என்று விளங்குகிறது. 55 இல் 9.1 கிராம் சன்னம் வைத்த கடை ரவைகள் பலவும் 100 மீற்றரில் 2,500 ஜூலை ஒட்டித்தான் நிற்கும். மான் சுட எடுத்த பெட்டி என்று நினைத்துக்கொண்டு எல்க்குக்குப் போனால் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள்.

தம்பி, எந்தத் துவக்கு என்ற கேள்விக்கு முன்னால் எத்தனை கிராம் என்ற கேள்வி இருக்கிறது. நான் அதைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன்.

6 ஆகஸ்ட் 2024, பின்னேரம்

தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கும் ஒருவர் சொற்கள் விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். ரவை என்றால் முழுத் தோட்டா. சன்னம் என்பது குழலை விட்டுப் பறந்து போகும் துண்டு. கோது என்பது சுட்ட பிறகு வெளியே துள்ளி விழும் பித்தளைக் கூடு. எல்க் என்று நான் சொல்வதை அமெரிக்கர் மூஸ் என்பார்கள். குதிரையைவிட உயரம், மூக்குத் தொங்கும், கால் நெடுநெடு என்று இருக்கும்.

9 ஆகஸ்ட் 2024

ஒருவர் எழுதியிருக்கிறார், கிரீட்மோரின் குழலில் முறுக்கு வேகம் அதிகம், அதனால்தான் அது திறம் என்று. இல்லை. பழைய சுவீடிஷ் மவுசரில் சன்னம் 200 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்றுச் சுற்றும். கிரீட்மோரில் 203. 1894 இலேயே நீண்ட, கனமான, உருண்டை மூக்குச் சன்னத்துக்காக அப்படிச் செய்துவிட்டார்கள். அந்தப் பழைய இராணுவச் சன்னத்தின் எடை எவ்வளவு தெரியுமா? 10.1 கிராம். நான் இன்றைக்கு எல்க்குக்குப் போடும் அதே எடை.

கிரீட்மோரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ரவை வெடிக்கும்போது உள்ளே எழும் அமுக்கம். 55க்கு ஐரோப்பிய அளவில் உச்ச அமுக்கம் 3,800 பார். கிரீட்மோருக்கு 4,350. 55இன் கோதில் வெடிமருந்து கூடுதலாகக் கொள்ளும், ஆனால் நூறு வயதுத் துவக்குகளும் அதே ரவையைச் சுடும் என்பதால் ரவை செய்பவர்கள் கையை அடக்கிக்கொள்கிறார்கள். கிரீட்மோருக்கு அப்படித் தாத்தாமார் இல்லை. அதனால் சிறிய கோது பெரிய கோதை எட்டிப் பிடித்து, கடை ரவையில் கொஞ்சம் தாண்டியும் விடுகிறது.

இன்னொன்று, கேட்க வெட்கப்பட்டு யாராவது செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சன்னம் ஒன்று என்பதால் ரவையை மாற்றிப் போடலாம் என்று நினைக்காதீர்கள். 55 துவக்கில் கிரீட்மோர் ரவையை ஒருபோதும் போடக் கூடாது, அதுபோல மறுபக்கமும். கோதின் நீளம் வேறு, தோள் வேறு, அடிப்பாகமும் 12.2க்கு 12.0 என்று வேறு. இரண்டு துவக்கும் ஒரே வீட்டில் இருந்தால் ரவைப் பெட்டிகளை வேறு வேறு தட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்த நிலை வந்திருக்கிறது, அது பற்றிப் பிறகு.

10 ஆகஸ்ட் 2024

அந்த மவுசர் எப்படிப்பட்டது, தம்பி? இராணுவ எம்/96 ஐ வேட்டைக்கு மாற்றியதா, பிற்காலத்து 98 வகையா? எம்/96 என்றால் போல்ட்டில் மூன்றாவது பூட்டு இல்லை. நல்ல நிலையில் இருந்தால் பயப்படத் தேவையில்லை, ஆயிரக்கணக்கானோர் இன்றும் அதில் வேட்டையாடுகிறார்கள். ஆனாலும் காசு கொடுப்பதற்கு முன் ஒரு துவக்குத் திருத்துநரிடம் காட்டுங்கள். போல்ட்டை மூடினால் ரவை எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்று அவரிடம் அளவுக் கட்டை இருக்கும். குழலின் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டுத் துடைப்பார்கள், வருடக்கணக்கில் உரசி உரசி வாய் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும்.

17 ஆகஸ்ட் 2024

என் வீட்டு நிலை.

இளைய மகளுக்கு இந்த வருடம் 16. பரீட்சையும் சுடும் தேர்வும் முடித்துவிட்டாள். பெரிய மிருக வேட்டைக்கு என்னோடு பழகுநராக வரலாம். என்னுடைய 55 ஐத் தோளில் வைத்துப் பார்த்தாள். நீளம், முன்பாரம், அவளுடைய கைக்கு எட்டவில்லை. அதனால் போன மாதம் ஒரு கிரீட்மோர் வாங்கினேன். குழல் 51 சென்ரிமீற்றர், முன்னால் சைலன்சர். குழல் மட்டும் என்னுடையதைவிட ஒன்பது சென்ரிமீற்றர் கட்டை.

ஆம், முதல் நாள் இரவு 55 ஐத் தவிர வேறொன்றும் பார்க்காதே என்ற மாதிரி எழுதியவன் நான்தான். அப்போதே அலுமாரியில் இது இருந்தது. அது பிள்ளைக்கு, வேட்டைக்காரனுக்கு 55 என்று மனதுக்குள் ஒரு பிரிவு வைத்திருந்தேன். அந்தப் பிரிவு சரியில்லை என்று இந்தக் கிழமை விளங்கியது.

செவ்வாய்க்கிழமை சுடுதளத்தில் வேகம் அளக்கும் கருவியை வைத்து இரண்டையும் சுட்டோம். எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

கிரீட்மோர், 9.27 கிராம் சன்னம்: பெட்டியில் செக்கனுக்கு 823 மீற்றர் என்று போட்டிருக்கிறது. எங்கள் குழலில் சராசரி 788. பெட்டியின் கணக்கு 61 சென்ரிமீற்றர் குழலில் அளந்தது. பத்துச் சென்ரிமீற்றர் வெட்டினால் இவ்வளவு போகும்.

கிரீட்மோர், நோர்மா கம்பனியின் 10.1 கிராம் ஓரிக்ஸ் சன்னம்: 752.

என்னுடைய 55, குழல் 60, அதே 10.1 கிராம் ஓரிக்ஸ்: 775.

இப்போது 6ஆம் திகதிக் குறிப்புக்குத் திரும்புங்கள். 9.27 கிராம் சன்னம் 100 மீற்றரில் 2,700 ஜூல் கொண்டிருக்க வேண்டுமானால், அந்த இடத்தில் அது ஏறக்குறைய 763 மீற்றர் வேகத்தில் போக வேண்டும். புறப்படும்போதே 788 என்றால் 100 மீற்றரில் 740 அளவுதான் மிஞ்சும். கணக்குப் போட்டால் 2,540 ஜூல். பெட்டியைப் பார்த்தால் சட்டத்துக்குள், குழலைப் பார்த்தால் வெளியே. அதே கட்டைக் குழலில் 10.1 கிராம் போட்டால் தேவை 2,200 ஜூல்தான், அதைச் சற்றுத் தாண்டி நிற்கிறது.

கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை. கட்டைக் குழலும் சைலன்சரும் 9.27 கிராம் பெட்டியும் ஒரே மேசையில் வைத்து, "எல்க்குக்கு இது போதும்" என்று தந்தார்கள். மகள்தான் கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்து, "அப்பா, இது வராது" என்றாள். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

18 ஆகஸ்ட் 2024

200 மீற்றரில் எவ்வளவு இறங்குகிறது என்று கேட்ட அண்ணருக்கு: 100 இல் நேராக வைத்தால், 200 இல் கிரீட்மோரின் 9.27 கிராம் 12, 13 சென்ரிமீற்றர் கீழே. 55இன் 10.1 கிராம் 15, 16. இரண்டு விரல் வித்தியாசம். எல்க்கின் நெஞ்சுக்கூடு அரை மீற்றருக்கு மேல் உயரம். இந்த இரண்டு விரலை வைத்து ஒரு ரவையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துபவர்கள் எந்தக் காட்டில் வேட்டையாடுகிறார்களோ தெரியாது. எங்கள் காட்டில் 200 மீற்றர் தெரிவதே மரம் வெட்டிய வெளியில் மட்டும்தான். நான் விழுத்திய எல்க்குகளில் பாதிக்கு மேல் 70 மீற்றருக்குள்.

25 ஆகஸ்ட் 2024

உதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் மென்மை. சைலன்சரோடு கிரீட்மோரைச் சுட்டால் யாரோ தோளில் தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் நேரத்தில் கண்ணை மூடுவார். எங்கள் குழுவில் 9.3 மில்லிமீற்றர் பெரிய ரவைத் துவக்கு வைத்திருந்த ஒருவர் அப்படித்தான் வருடா வருடம் தவறவிட்டார். 6.5க்கு மாறிய பிறகு ஒன்றும் தவறவில்லை.

பழகும் செலவிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்த நாட்டில் 1893 முதல் ஊர் ஊராகத் தன்னார்வச் சுடுவோர் கழகங்கள் இருக்கின்றன. அவர்களுடைய போட்டித் துவக்கு 55 தான், சவர் 200 எஸ்.டி.ஆர். அதனால் 55க்குப் பயிற்சி ரவை எங்கும் குவிந்து கிடக்கும், கழகத்தில் வாங்கினால் விலையும் குறைவு. 2022க்குப் பிறகு எல்லா ரவையும் விலை ஏறியபோதும் 55 பயிற்சி ரவைக்கு நான் அலையவில்லை. வருடத் தேர்வுக்கு முன் கட்டாயமாகச் சுட வேண்டிய 30 ரவை போதும் என்று நினைக்காதீர்கள். நான் முந்நூறு சுடுவேன்.

இந்த ஒரு விடயத்தில் 55 தெளிவாக முன்னால் நிற்கிறது. இதில் என் மனம் மாறவில்லை.

2 செப்டம்பர் 2024

தம்பியின் பதில் வந்திருக்கிறது. திருத்துநர் அந்த மவுசரை வாங்க வேண்டாம் என்றாராம். குழல் வாய் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. போல்ட் மூடிய இடைவெளியும் அளவைத் தாண்டிவிட்டது. புதுக் குழல் போட்டால் புதுத் துவக்கின் விலை வரும். விற்க வந்தவருக்கும் மனவருத்தமாம், அவருடைய தகப்பன் வைத்திருந்த துவக்கு. அதை அவர் சுவரிலாவது தொங்கவிடட்டும். நீங்கள் காட்டிப் பார்த்தது நல்லது.

இப்போது என்ன எடுப்பது என்று மறுபடி கேட்டால், என் பதில் முதல் நாள் சொன்னது போல் வேகமாக வராது. புதிதாக வாங்குவதாக இருந்தால், குழுவில் மற்றவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வேட்டைக்குக் காத்து நிற்கும் போஸ்ட்டில் ரவை முடிந்தால் பக்கத்து ஆளிடம் வாங்கலாம். கழகத்தில் சேர்ந்து சுட நினைத்தால் 55. காரிலும் பற்றைக்குள்ளும் நுழைந்து திரிபவர், சைலன்சர் போடுபவர், உயரம் குறைந்தவர் என்றால் கிரீட்மோர். எதை எடுத்தாலும் எல்க்குக்கு 10.1 கிராம். இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

8 செப்டம்பர் 2024

ஹித்ரா தீவில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். சிவப்பு மான். மகளும் வந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் புல்வெளி ஓரத்தில் கற்சுவருக்குப் பின்னால் படுத்திருந்தோம். கடற்காற்று, நல்ல வேளை எங்கள் முகத்துக்கு நேரே அடித்தது. எட்டு மணிக்குப் பிறகு ஒரு பெண் மானும் கன்றும் மரத்தடியிலிருந்து வெளியே வந்தன. 110 மீற்றர். கன்று திரும்பிப் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் அவள் முதுகில் வைத்திருந்தேன். மூச்சு நின்றது கையில் தெரிந்தது. பிறகுதான் சத்தம். கன்று நாலு பாய்ச்சல் ஓடி விழுந்தது. தாய் காட்டோரம் வரை போய் நின்று திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைக்காக மகள் கொஞ்ச நேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் முதல் வருடம் அப்படித்தான்.

உரிக்கும்போது பார்த்தோம். நுழைந்த துளை சுண்டுவிரல், வெளியேறிய துளை ஒரு பழைய ஐந்து குரோனர் நாணயம் அளவு. விலா இறைச்சி கெடவில்லை. கிரீட்மோர், 10.1 கிராம்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2003 இல் ஒரு சிறிய ரோ மானை என் 55 இல் 7.8 கிராம் வேகச் சன்னத்தால் சுட்டேன். ரோ மானுக்கு அது சட்டப்படி சரிதான். இரண்டு முன்சப்பையும் இரத்தக் கட்டியாய்ப் போனது, நாய்க்குத்தான் உதவியது. ஒரே துவக்கு, ஒரே ஆள். சன்னம் மட்டும் வேறு.

9 செப்டம்பர் 2024

கறி எப்படி வைப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முதலில் தொங்கவிட வேண்டும். இங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பநிலையையும் நாளையும் பெருக்கினால் 40 வர வேண்டும். 4 பாகையில் பத்து நாள். மான், எல்க் இறைச்சியில் கொழுப்புக் கிடையாது, ஆட்டிறைச்சி போல நினைத்து வதக்கினால் கயிறாகிவிடும். நான் எங்கள் ஊர் மிளகாய்த்தூளில் பிரட்டி, முதற்பால் கடைசியில் விட்டு, குறைந்த நெருப்பில் மூன்று மணி நேரம் விடுவேன். இறாத்தலுக்கு ஒரு துண்டு இரம்பை போதும்.

சரி, ரவைக்குத் திரும்புவோம்.

15 செப்டம்பர் 2024

"6.5 எல்க்குக்குச் சின்னது, அதைவிடப் பெரிய .308 ரவைதான் வேண்டும்" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு சம்பவம்.

2011, ஒக்ரோபர், காலைப் பனி. நாய் மேலே மலைச்சரிவில் குரைத்துக்கொண்டிருந்தது. வேட்டைத் தலைவர் வானொலியில், "கீழே வருகிறது" என்றார். ஒரு காளை சதுப்பைக் கடந்து என் முன்னால் 60 மீற்றரில் நின்றது. மூக்கிலிருந்து ஆவி போனது தெரிந்தது. முன்சப்பைக்குப் பின்னால் வைத்துச் சுட்டேன். அது அசையவே இல்லை. என்னைப் பார்த்தது. தவறிவிட்டேன் என்று நினைத்து, போல்ட்டைக் கூட இழுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் நினைவு வந்து இரண்டாவதைச் சுட்டேன். இருபது அடி நடந்து முன்னங்கால் மடங்கியது. திறந்து பார்த்தால் இரண்டு துளைக்கும் இடையே ஒரு உள்ளங்கை. முதல் வெடியே இரண்டு நுரையீரலையும் கடந்து போயிருந்தது.

6.5 எல்க்கை அடித்துச் சாய்க்காது, அது உண்மை. உள்ளே நுழைந்து மறுபக்கம் வரை போகும், மிருகம் தான் செத்ததை அறிய பத்து, பதினைந்து செக்கன் எடுக்கும். அந்தச் செக்கன்களில் நின்று பார்க்காமல் மறுபடி சுட வேண்டும். .308 வைத்திருந்தாலும் இதையேதான் செய்ய வேண்டும். ஓடிவிட்டால், நாலு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய அங்கீகரிக்கப்பட்ட தேடுநாய் ஒன்று உங்கள் குழுவுக்கு ஏற்பாடாகி இருக்க வேண்டும், அதுவும் விதி. அந்த நாய்க்காரரின் இலக்கத்தைத் துவக்குப் பையிலேயே எழுதி வையுங்கள்.

24 செப்டம்பர் 2024

நாளைக்கு எல்க் வேட்டை தொடங்குகிறது. தம்பி கிரீட்மோர் வாங்கிவிட்டார், குழல் 56. அனுமதி வர ஆறு கிழமை எடுத்தது, போன வியாழன்தான் கையில் கிடைத்தது. சனிக்கிழமை சுடும் தேர்வு. 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடியும் விழ வேண்டும். கடதாசியின் படம் அனுப்பியிருந்தார். ஐந்தும் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டுக்குள் அடங்கும். பெட்டியின் படத்தையும் அனுப்பினார், நான் கேட்காமலே: 10.1.

29 செப்டம்பர் 2024

எங்கள் பக்கம் மூன்று நாளில் ஒரு பெண் எல்க், இரண்டு கன்று. கன்று ஒன்று என்னுடைய 55க்கு, 45 மீற்றர். சன்னம் மறுபக்கத் தோலுக்கு அடியில் நின்றுவிட்டது. எப்போதாவதுதான் அப்படி அகப்படும். முன்னால் இடது சப்பை எலும்பை உடைத்துக்கொண்டு போயிருக்கிறது, நான் விரும்பிய இடத்தைவிட ஒரு கை முன்னுக்கு. பிழை என்னுடையது, கன்று நடந்துகொண்டிருந்தது, நான் காத்திருந்திருக்க வேண்டும்.

சன்னத்தைக் கழுவி மேசையில் வைத்திருக்கிறேன். முன்பக்கம் காளான் குடை போல விரிந்து, ஈயம் செம்போடு ஒட்டியபடியே மடிந்திருக்கிறது. குறுக்களவு 13 மில்லிமீற்றர், போகும்போது இருந்ததன் இரு மடங்கு. சமையலறைத் தராசில் வைத்தேன்: 9.4 கிராம்.

8 ஒக்ரோபர் 2024

தம்பி தன் முதல் எல்க்கை விழுத்திவிட்டார். ஒரு வயதுக் காளை, 80 மீற்றர், இரண்டு வெடி. இரண்டாவது தேவைப்படவில்லை, ஆனாலும் சுட்டாராம். நல்லது. ஓடியது முப்பது மீற்றர். சன்னங்கள் இரண்டும் வெளியே போய்விட்டன, காட்ட ஒன்றும் இல்லை என்று குறைப்பட்டிருக்கிறார்.

பழைய மவுசர்க்காரர் அதே குழுவில்தான் இருக்கிறாராம். உரிக்க அவர்தான் கத்தி பிடித்துக் காட்டினாராம். அடுத்த வருடம் தானும் கிரீட்மோருக்கு மாறுவதா, தகப்பனின் துவக்குக்குப் புதுக் குழல் போடுவதா என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். தம்பி அதை என்னிடம் கேட்கிறார்.

புதுக் குழல் போடச் சொல்லுங்கள். தகப்பனின் துவக்கு. ஆனால் குழல் மட்டும் போட்டு விட்டுவிடக் கூடாது, இடைவெளியையும் திருத்துநர் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.